வெறுமையாக விடச் சொன்ன ‘இணைப்பு ஆ’: பணி ஒப்பந்தமும் அதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு மென்பொருளும்

இது சேலத்தில் வழக்கறிஞராக நான் நேரடியாகக் கையாண்ட நிகழ்வு. இதில் வரும் இளைஞரும் அவருடைய தந்தையும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் தோட்டங்களின் பெயர்களையும் தரவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விவகாரம் நீதிமன்றப் படி ஏறவில்லை. ஏறாமல் தடுத்தது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். அந்தத் தாளை எழுதியதில் நானும் அவரும் சேர்ந்து செய்த பிழை ஒன்றும் உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

இளைஞரின் தந்தை ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்து மேஸ்திரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி கிலோக் கணக்கு. மாலையில் சாக்குகளைத் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதுவார்கள். வாரக் கடைசியில் கூலி கொடுக்கும்போது, “செவ்வாய்க்கிழமை நான் போட்டது நாற்பத்திரண்டு கிலோ, நோட்டில் முப்பத்திரண்டுதானே இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று மாலை முழுவதும் சண்டைதான். எழுதியவர் மேஸ்திரி என்பதால் பழியும் அவர் தலையில் விழும்.

மகன் சேலத்தில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர் கெடக் கூடாது என்று இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எழுதத் தொடங்கிய சிறு நிரல், மூன்று பறிப்புக் காலங்களில் முழு மென்பொருளாக வளர்ந்தது. பறிப்பவர் ஒவ்வொருவருக்கும் க்யூஆர் அச்சிட்ட அட்டை. தராசின் எடையைக் கைப்பேசியில் பதிந்தவுடன் தமிழில் ஒரு சீட்டு வரும். பறித்தவர் கையோடு எடுத்துப் போகலாம்.

இதில் இரண்டு இடங்களில் அவர் மிகவும் பாடுபட்டிருந்தார். மலைச் சரிவுகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. இரண்டு கைப்பேசிகளில் தனித்தனியாகப் பதிந்த எடைகளை, மேட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்தவுடன் இரட்டிப்பாகாமலும் தொலையாமலும் ஒன்று சேர்க்க வேண்டும். இது முதலாவது. இரண்டாவது, சீட்டு அச்சடிக்கும் ப்ளூடூத் பிரிண்டர். விலை குறைந்த பிரிண்டர்களில் தமிழ் எழுத்து இருக்காது. எழுத்துகளைப் படமாக்கி அனுப்பினால் ஒரு சீட்டுக்கு ஆகும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சிறிய புள்ளி வடிவம் வரைந்து, அவரே ஓர் எழுத்துப் பட்டியல் செய்திருந்தார். ‘கெ’ என்பது கணினிக்குள் ‘க’வும் அதன் பின் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது, தாளிலோ கொம்பு முன்னால் விழ வேண்டும். இப்படிப்பட்ட நுணுக்கங்களில் எத்தனையோ இரவுகள் போயின என்றார்.

பட்டம் பெற்ற பின் ஓராண்டு நான்கு சிறிய தோட்டங்களுக்கு இதைக் கொடுத்துச் சிறிது வருமானம் பார்த்தார். அக்காவின் திருமணக் கடன் இருந்தது. மாதச் சம்பளம் தேவைப்பட்டது. கொள்முதல் நிலையங்களுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்யும் சேலம் நிறுவனம் ஒன்றில் நேர்காணலுக்குப் போனார். தான் எழுதிய மென்பொருளை இயக்கிக் காட்டினார். வேலை கிடைத்ததற்கே அதுதான் காரணம்.

ஒப்பந்தம் வந்த வெள்ளிக்கிழமை

மே மாதக் கடைசி வெள்ளியன்று மாலை 26 பக்க ஆங்கில ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. திங்கட்கிழமை காலை கையெழுத்திட்டு வேலையில் சேர வேண்டும். சனிக்கிழமை அஸ்தம்பட்டியில் உள்ள என் அலுவலகத்துக்குத் தந்தையும் மகனும் வந்தார்கள். தந்தை முதலில் சொன்னது: “வக்கீலம்மா, இதைப் போய் பெரிதாக்கி வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அவர் பயம் நியாயமானது. வேலை போகாது என்று நான் உறுதி தரவில்லை, தரவும் முடியாது. மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதற்காக வேலையை ரத்து செய்யும் நிறுவனம், நாளை வேறு எதற்கு என்ன செய்யும் என்பதையும் யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கவலை தந்தவை 11-ஆம் ஷரத்தின் நான்கு பகுதிகள். 11.2-இல், பணியில் சேர்வதற்கு முன்போ பணியின்போதோ, தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ, நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடைய எதை உருவாக்கியிருந்தாலும் அதன் உரிமை முழுவதையும் ஊழியர் “இதன் மூலம் மாற்றித் தருகிறார்” என்று இருந்தது. 11.4-இல், ஊழியருக்கு முன்பே சொந்தமாக இருந்த படைப்புகளை ‘இணைப்பு ஆ’வில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அப்படி எதுவும் இல்லை என்று அவர் உறுதி கூறியதாகக் கொள்ளப்படும். 11.5-இல், தன் பழைய படைப்பை நிறுவனத்தின் மென்பொருளில் சேர்த்தால், அதை நிறுவனம் என்றென்றும், உலகெங்கும், கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமம் தானாகவே கிடைத்துவிடும். 11.7-இல், வேலையை விட்ட ஓராண்டுக்குள் அவர் உருவாக்குவதும் நிறுவனத்துடையதே.

இணைப்பு ஆ வெறும் தாளாக இருந்தது. மனிதவளப் பிரிவில் ஒரு பெண்மணியிடம் தொலைபேசியில் கேட்டாராம். “எல்லோரும் அதை வெறுமையாகத்தான் விடுவார்கள்” என்று பதில் வந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் 11.4-ஐப் படித்தவர்களுக்கு அந்த வெறுமையின் பொருள் தெரியும். அதை நிரப்பாமல் கையெழுத்திட்டால், மூன்று பறிப்புக் கால உழைப்பு தன்னிடம் இல்லவே இல்லை என்று அவர் தன் கையால் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சட்டம் தானாகத் தருவது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, மென்பொருளை இலக்கியப் படைப்பின் கீழ் சேர்க்கிறது. அதன் 17-ஆவது பிரிவின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். பணி ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாகச் செய்ததற்கு மட்டும், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முதலாளி முதல் உரிமையாளர். ஆகவே சேர்வதற்கு முன் எழுதியதைச் சட்டம் முதலாளியிடம் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடியது அவருடைய கையெழுத்துதான்.

“இதன் மூலம் மாற்றித் தருகிறார்” என்ற சொற்களை நான் ஏன் சுட்டிக் காட்டினேன் என்று இளைஞர் கேட்டார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைச் சொன்னேன். ஆராய்ச்சியாளர் ஒருவர் பல்கலைக்கழகத்திடம் ‘மாற்றித் தரச் சம்மதிக்கிறேன்’ என்றும், பிறகு ஒரு தனியார் நிறுவனத்திடம் ‘இதன் மூலம் மாற்றித் தருகிறேன்’ என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். பிந்திய சொற்றொடரே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே அமைந்தது. இந்த ஷரத்துகளின் நடையைப் பார்த்தால் அவை அமெரிக்க மாதிரி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்றே தோன்றியது. கலிஃபோர்னியாவில், சொந்த நேரத்தில் சொந்தக் கருவியால் செய்து, முதலாளியின் தொழிலோடு தொடர்பில்லாத கண்டுபிடிப்பைத் தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆவது பிரிவு ஊழியருக்கே காத்துக் கொடுக்கிறது. இங்கே அப்படியொரு பிரிவு இல்லை. ஷரத்து மட்டும் கடல் தாண்டி வந்துவிட்டது. அதை அடக்கும் சட்டம் வரவில்லை.

அவர் ‘காப்புரிமை எடுத்துவிடலாமா?’ என்றும் கேட்டார். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு; பதிப்புரிமை எழுதியதற்கு. கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பதற்குக் காப்புரிமை கிடையாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) உட்பிரிவு சொல்கிறது. அந்த வழியை அன்றே விட்டுவிட்டோம்.

முதல் கேள்வி: அது முழுவதும் அவருடையதுதானா?

நிறுவனத்திடம் ‘இது என்னுடையது’ என்று எழுதுவதற்கு முன், அது உண்மைதானா என்று பார்த்தோம். அந்தச் சனிக்கிழமையின் பெரும்பகுதி இதற்கே போனது.

முதல் தோட்டத்து உரிமையாளர் இதற்காக 15,000 ரூபாய் கொடுத்திருந்தார். அப்படியானால் அது அவருடையதா? பணம் கொடுத்து வரைவித்த ஓவியம், எடுப்பித்த புகைப்படம், திரைப்படம் போன்றவற்றுக்கு 17-ஆவது பிரிவில் தனி விதி உண்டு. மென்பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. இளைஞர் அந்தத் தோட்டத்தின் ஊழியராகவும் இருந்ததில்லை. உரிமையை எழுதித் தரவும் இல்லை. எனவே தோட்டத்துக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி. இதை அவரே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, ‘சரி தம்பி’ என்ற பதிலையும் வாங்கிக்கொண்டார்.

க்யூஆர் அட்டைப் பகுதியை இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் சமர்ப்பித்திருந்தார். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். சேர்க்கைத் தாள்களிலும் திட்டப்பணிப் படிவத்திலும் உரிமை மாற்றம் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாவதுதான் சிக்கல். சீட்டு அச்சடிக்கும் பகுதியின் முதல் வடிவத்தை எழுதியது வகுப்புத் தோழர் ஒருவர். “அவன் ஒன்றும் கேட்க மாட்டான் மேடம், அவ்வளவு நெருக்கம்” என்றார். நெருக்கம் உரிமைப் பத்திரம் ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தோழர் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சேலம் வந்து, இரண்டு பக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, 5,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். பணம் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் வற்புறுத்தினேன். சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், என்ன தொகை என்பதையும் எழுதச் சொல்கிறது. காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓராண்டு பயன்படுத்தாமல் விட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, மாற்றிய உரிமை திரும்பிப் போய்விடும். நண்பர்களுக்கிடையே வெற்றுத் தாளில் ‘எல்லாம் உனக்கே’ என்று எழுதிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தாள்களில் பல ஐந்தாண்டுக்கு மேல் தாங்காதவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இணைப்பில் என்ன எழுதுவது என்பதில் நெடுநேரம் பேசினோம். ‘விவசாய மென்பொருள்’ என்று விரித்து எழுதினால் நிறுவனத்தின் தொழிலையே தனது என்று கோருவதாகப் படும். யாரும் ஏற்க மாட்டார்கள். ‘காபித் தோட்டக் கணக்கு’ என்று மட்டும் எழுதினால் எந்தக் கணக்கு, எந்த நிலையில் என்று நாளைக்கு நிறுவ முடியாது. மூலநிரலையே இணைத்தால் ரகசியம் போய்விடும். கடைசியில் ஒரு பக்கத்துக்குள் நிறுத்தினோம்: மென்பொருளின் பெயர், அது செய்யும் வேலை ஐந்து வரிகளில், எழுதத் தொடங்கிய மாதம், கடைசியாகத் திருத்திய நாள், கோப்புகளின் எண்ணிக்கை, பயன்படுத்தும் நான்கு தோட்டங்கள், கடைசி வடிவத்தின் ஹேஷ் எண். ஹேஷ் என்பது கோப்புக்குக் கைரேகை போல. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். உள்ளடக்கத்தைக் காட்டாமலே, அன்றைக்கு அந்தக் கோப்பு இப்படித்தான் இருந்தது என்று பின்னால் நிறுவ அது உதவும். மின்னணுச் சான்றுகளுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சான்றுச் சட்டத்தின்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலும் ஹேஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது.

தேதிக்கான ஆதாரம் அடுத்தது. அவர் நிரலின் மாற்றங்களை ‘கிட்’ முறையில் நாள்வாரியாகப் பதிந்து வைத்திருந்தார். நல்ல பழக்கம், ஆனால் சொந்தக் கணினியில் உள்ள தேதியைச் சொந்தக்காரரே மாற்றலாம். வேறொருவர் கையில் இருக்கும் தேதிகளையே நான் பெரிதாக மதித்தேன்: தோட்டங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், வங்கியில் வந்த தொகைகள், இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிய நாட்கள். கூடவே பதிப்புரிமைப் பதிவுக்கும் அன்றே இணையவழியில் விண்ணப்பித்தோம். கட்டணம் 500 ரூபாய். மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் தர வேண்டும். ஆட்சேபத்துக்கு 30 நாள் விட வேண்டும் என்பதால் திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வராது. விண்ணப்பம் பதிவானதைக் காட்டும் டைரி எண் உடனே வந்தது. எங்களுக்கு வேண்டியதும் அந்தத் தேதிதான். உரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவேட்டில் இருப்பது முதல்நிலைச் சான்றாகும் என்று 48-ஆவது பிரிவு சொல்கிறது.

வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டுகள் இதே தொழிலில் ஈடுபடக் கூடாது என்ற ஷரத்தும் இருந்தது. அதைத் தொடவில்லை. வேலை முடிந்த பிறகும் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் முன் நிற்காது. ஒரே கடிதத்தில் பத்துத் திருத்தம் கேட்டால் பத்தும் போகும். எது போனால் தாங்க முடியாதோ அதை மட்டும் கேட்டோம். ஞாயிறு இரவு அவர் அனுப்பிய கடிதம் இவ்வளவுதான்:

“நான் சேர்வதற்கு முன்பே எழுதி, பயன்பாட்டில் உள்ள மென்பொருளின் விவரத்தை இணைப்பு ஆ-வில் நிரப்பியிருக்கிறேன். 11.2-இல் ‘முன்போ’ என்ற சொல்லை நீக்கவும், 11.5-இல் ‘இருவரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால் மட்டும்’ என்று சேர்க்கவும், 11.7-ஐ நிறுவனத்தின் ரகசியத் தகவலைப் பயன்படுத்திச் செய்தவற்றுக்கு மட்டும் என்று வரையறுக்கவும் வேண்டுகிறேன். இணைப்பில் உள்ள மென்பொருளை என் சொந்த நேரத்தில் பராமரிக்க அனுமதி கேட்கிறேன். பணியில் நிறுவனத்துக்காக நான் செய்யும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.”

கடைசி வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். நிறுவனத்துக்கும் ஒரு பயம் இருக்கும். அதைத் தீர்க்காமல் நம் பயத்தை மட்டும் அவர்கள் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சேரும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் தந்தை தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வியாழனன்று திருத்திய ஒப்பந்தம் வந்தது. நான்கு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டிருந்தன. ஒரு நிபந்தனை மட்டும்: புதிய தோட்டம் எதற்காவது கொடுப்பதானால் முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும்.

அக்டோபரில் நடந்தது

முதல் நான்கு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. அக்டோபரில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வரத்து கூடியது. ஆலை ஒன்றின் எடைமேடையில், கிழங்கின் எடையும் மாவுச்சத்துப் பாயிண்டும் தமிழில் அச்சாகி விவசாயி கையில் கிடைக்க வேண்டும் என்று அவசர வேலை வந்தது. குழுத் தலைவர் இவரிடம், “தம்பி, நீ நேர்காணலில் காட்டினாயே, அதில் சீட்டுத் தமிழில்தானே வந்தது?” என்று கேட்டார்.

அன்று இரவே தன் பழைய எழுத்துப் பட்டியலையும் அச்சு நிரலையும் நிறுவனத்தின் மென்பொருளில் சேர்த்துவிட்டார். மறுநாள் எடைமேடையில் சீட்டு வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். எழுத்தில் யாரும் எதுவும் சம்மதிக்கவில்லை. நாங்கள் போராடி வாங்கிய 11.5-ஐ முதலில் மறந்தவர் அவரே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய இடத்தில், முதல் ஆண்டில், தன்னிடம் உள்ளதைக் கொடுத்து நல்ல பெயர் வாங்க நினைப்பது இயல்பு. அந்த இரவு அவர் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் இரண்டு வரி மின்னஞ்சலில் முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கலை நான் பத்து மாதங்கள் கழித்தே அறிந்தேன். அலுவலகத்தில், அலுவலக நேரத்தில், அந்த அச்சுப் பகுதியில் அவர் மூன்று மேம்பாடுகள் செய்தார். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ எழுத்துகளைச் சேர்த்தார். வரி முடிவில் உயிர்மெய் உடைந்து, கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழுந்ததைச் சரிசெய்தார். அச்சு வேகத்தைக் கூட்டினார். நவம்பரில் பறிப்பு தொடங்கியபோது, இந்த மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் காபி மென்பொருளிலும் போட்டுவிட்டார். ‘என் நிரல், நான் செய்த திருத்தம்’ என்ற எண்ணம். ஆனால் அந்தத் திருத்தங்கள் சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாகச் செய்தவை. 17-ஆவது பிரிவின்படியே அவை நிறுவனத்தின் சொத்து. தன் பழைய நிலத்தில் அவரே அடுத்தவர் மரத்தை நட்டுவிட்டார்.

நோட்டீஸும் பேச்சுவார்த்தையும்

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நிறுவனம் தோட்டங்களுக்கென ஒரு மென்பொருள் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தது. விற்பனைப் பிரிவு ஏற்காட்டுக்குப் போனபோது, தங்கள் ஊழியரின் மென்பொருளை ஐந்தாவதாக ஒரு தோட்டம் வாங்கவிருப்பதைக் கேள்விப்பட்டார்கள். மென்பொருள் முழுவதும் தங்களுக்கே சொந்தம், 15 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்றது நோட்டீஸ்.

ஐந்தாவது தோட்டம் பற்றி ஜூனிலேயே அவர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து மனிதவளப் பிரிவுக்குத் தெரிவித்திருந்தார். அந்தப் பெண்மணி வேலையை விட்டுப் போனதால் கடிதம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த மின்னஞ்சல், கையெழுத்தான இணைப்பு ஆ, ஹேஷ் எண்ணோடு ஒத்துப்போன பழைய கோப்பு, இதற்குள் வந்துவிட்ட பதிவுச் சான்றிதழ், தோழரின் உடன்படிக்கை ஆகிய ஐந்தையும் இணைத்துப் பதில் அனுப்பினேன்.

பதில் அனுப்பும் முன்புதான் மூன்று மேம்பாடுகள் பற்றி அவர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அதை மறைத்துப் பதில் எழுதக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். இரு நிரல்களையும் ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் வெளிவந்துவிடும்; அப்போது உண்மையான ஐந்து ஆவணங்களின் மதிப்பும் சேர்ந்து போகும். செப்டம்பரில் நேரில் உட்கார்ந்தபோது நாங்களே முதலில் அதைச் சொன்னோம்.

இயக்குநர் கோபப்பட்டார். “நாங்கள் சம்பளம் கொடுத்து நடந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனது சரியா?” என்று கேட்டார். சரியில்லை என்று இளைஞர் நேராக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அறையில் பேச்சு மாறியது. இரண்டாவது அமர்வில் எழுத்தில் முடிந்தது இது: இணைப்பில் கண்ட மென்பொருள் மீது நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அச்சுப் பகுதியின் பழைய வடிவம் இளைஞருடையதே; ஆனால் நிறுவனம் தன் மென்பொருள்களில் அதைக் கட்டணமின்றித் தொடர்ந்து பயன்படுத்தலாம். மூன்று மேம்பாடுகளும் நிறுவனத்துடையவை. அவற்றை இளைஞர் தன் நிரலிலிருந்து அக்டோபர் 31-க்குள் நீக்க வேண்டும். அவர் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். யாரும் யாருக்கும் பணம் தரவில்லை.

கட்டணமற்ற அந்த உரிமம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த எழுத்துப் பட்டியலால் பல ஆலைகளில் சீட்டு அச்சாகிறது. அதற்குரிய தொகையை அவர் பெற்றிருக்க வேண்டும்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

இணைப்பு ஆ-வில் மென்பொருளை ஒரே பொருளாக எழுதியது எங்கள் பிழை. முதன்மையாக என் பிழை. எடைப் பதிவு, சிக்னல் இல்லாத பதிவுகளை இணைப்பது, தமிழ் அச்சு என்று மூன்றையும் தனித்தனி வரிகளில், தனித்தனி ஹேஷ் எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். நிறுவனத்துக்கு முதலில் தேவைப்படப்போவது காபிக் கணக்கு அல்ல, உள்ளே இருக்கும் உறுப்பு என்பதை நான் யோசிக்கவில்லை. தனி வரியாக இருந்திருந்தால், குழுத் தலைவர் கேட்ட அன்றே ‘இது பட்டியலில் உள்ளது’ என்று அவருக்கும் உறைத்திருக்கும். உரிமத்துக்கு விலை பேசவும் இடம் இருந்திருக்கும்.

இப்போது என்னிடம் வருபவர்களிடம், கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலோடு இன்னொரு தாளையும் கொடுக்கிறேன். எந்தப் பழைய கோப்பும் அலுவலகக் கணினிக்குள் போகக் கூடாது, அலுவலகத்தில் எழுதிய ஒரு வரியும் வீட்டுக்கு வரக் கூடாது என்பது அதில் முதல் வரி. சொந்த வேலைக்குத் தனிக் கணினி, தனி மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பழையதைக் கொண்டுவரும்படி யாராவது கேட்டால், அன்றே அனுப்ப ஒரு மாதிரி மின்னஞ்சலும் அதில் இருக்கிறது: “இது இணைப்பு ஆ-வில் உள்ள என் படைப்பு. இந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டும், இந்த நிபந்தனையில் அனுமதிக்கிறேன். சம்மதமானால் பதில் எழுதுங்கள்.”

பதிவு விண்ணப்பத்தையும் தோழரின் உடன்படிக்கையையும் வெள்ளிக்கிழமை மாலை ஒப்பந்தம் வந்த பிறகு ஓடி ஓடிச் செய்தோம். இரண்டையும் நேர்காணலுக்குப் போகும் முன்பே, அந்த மென்பொருளை அந்நியர் கண்ணில் காட்டுவதற்கு முன்பே, நிதானமாகச் செய்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்த் தோழருக்குக் காய்ச்சலாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இன்றைய நிலை

மேம்பாடுகளை நீக்கிய பின் மீண்டும் அவரே எழுதினால், நினைவிலிருந்து அதையே எழுதிவிட்டார் என்ற குற்றச்சாட்டு வரலாம். அதனால் நிறுவனத்தின் நிரலை ஒருபோதும் பார்த்திராத, ஏற்காட்டைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவரிடம், என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்து வேலையை ஒப்படைத்தார். அவருக்கு உரிய தொகையும் 19-ஆவது பிரிவின்படி உடன்படிக்கையும் முதல் நாளே தரப்பட்டன.

அது முடிய ஜனவரி ஆனது. அதுவரை பறிப்புக் காலத்தின் முதல் பாதி முழுவதும் சீட்டில் ‘க்ஷ’ அச்சாகவில்லை. லக்ஷ்மி என்று அட்டையில் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் ‘லட்சுமி’ என்றே வந்தது. களத்தில் ஒரு பாட்டி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேஸ்திரி, இது என் கணக்குத்தானா?” என்று கேட்டாராம். தந்தை அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, எடையை உரக்கப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜனவரி இரண்டாம் வாரத்தில் முதல் ‘லக்ஷ்மி’ சரியாக வந்த சீட்டைப் படமெடுத்து மகன் எனக்கு அனுப்பினார். எடை 38 கிலோ 400 கிராம்.